கட்டைக்காரன்

மாட்டை விழுத்துவதென்றால் வாயால் சொல்லிவிட்டுப் போகிற காரியமா? மட்டக்களப்பு வவுணதீவுக்கு மேற்கே, வயல்வட்டைகள் முடிந்து பற்றைக்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறதே ஒரு மாட்டுப் பண்ணை, அங்கே ஒருநாள் வந்து நின்று பார்க்க வேண்டும். காட்டில் மேய்ந்து வளர்ந்த நாம்பன், முரட்டு இளங்காளை, மனிதக் கை பட்டறியாதது. கழுத்தில் சுருக்கு விழுந்ததும் அதன் நாலு காலும் நிலத்தில் நில்லாது. வாயில் நுரை தள்ளும், கண் சிவக்கும். ஊசி போடுவதென்றாலும், குறி சுடுவதென்றாலும், காயடிப்பதென்றாலும் முதலில் அது விழ வேண்டும். அதற்கு அதன் கொம்பை இரண்டு கையாலும் போய்ப் பிடிக்க ஒருவன் வேண்டும். அவன் கொம்புக்காரன். கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, குதிக்காலை மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து, மாட்டை முன்னுக்குப் பாயவிடாமல் நிறுத்த இன்னொருவன் வேண்டும். அவன் கயிற்றுக்காரன். கயிற்றுக்காரன் ஒரு முழம் விட்டுக்கொடுத்தால் கொம்புக்காரனின் குடல் வெளியே வரும். இவ்வளவுதான் தொழில்.

கதிர்காமத்தம்பி அந்தப் பண்ணையில் முப்பது வருடமாகக் கயிற்றுக்காரன். பிறந்தது பழுகாமம், கலியாணம் முடித்து வந்தது வவுணதீவுப் பக்கம். அவருடைய இடுப்பைச் சுற்றி ஒரு தழும்பு உண்டு. கறுத்து, தடித்து, காய்ந்த ஆட்டுத்தோல் மாதிரி இருக்கும். தொடக்க காலத்தில் அந்த இடம் உரிந்து சாரனோடு ஒட்டிக்கொள்ளும். மனைவி இலட்சுமிப்பிள்ளை தண்ணீர் ஊற்றி ஊற்றித் துணியைப் பிரித்தெடுத்து, தேங்காயெண்ணெய் பூசிவிடுவாள். மகள் கஜானி அப்போது சின்னப் பிள்ளை. எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பது அவளுடைய வேலை. பிறகு தோல் மரத்துப்போனது. மனிசனும் அந்தத் தழும்பைப் பற்றிப் பெருமை பேசப் பழகிவிட்டார்.

அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. கயிற்றுக்காரன் தன் வார்க்கயிற்றைத் தானே முறுக்குவான். மாட்டுத்தோலை வாராக உரித்து, கொழுப்புப் பூசி, மாதக்கணக்கில் இழுத்து இழுத்து முறுக்கிய கயிறு அது. ஓய்வு வயது வரை நின்றவன் அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றால் வெளியே போகலாம். இடையில் போனவனின் கயிறு பண்ணைக் கொட்டிலிலேயே தொங்கும். கொட்டிலில் மூன்று கயிறுகள் தொங்கின. ஒருவருக்கு இடுப்பெலும்பு சில்லு சில்லாய்ப் போனது. ஒருவருக்குக் குடலிறங்கி, வெட்டித் தைத்து, மறுபடியும் இறங்கியது. மூன்றாவது ஆளை எருமையொன்று வேலிக்கட்டைகளுக்கிடையில் வைத்து நெரித்தது. அவரை வீட்டுக்குக் கொண்டுபோனது பாயில் சுற்றி. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றால் போனவர் ஒருத்தரும் இல்லை.

நான்தான் முதலாள் என்று கதிர்காமத்தம்பி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐம்பத்தைந்தில் வீட்டுக்குப் போகலாம் என்று உடம்புக்கும் சொல்லி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, ஓய்வு வயது அறுபது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? கதிரையில் இருந்து வேலை செய்கிறவனுக்கு ஐந்து வருடம் கூடக் கிடைத்தது. இவருக்கு ஐந்து வருட மாடு கூடக் கிடைத்தது! வலது தோள்மூட்டு ஏற்கெனவே கழன்று கழன்று விழும். காலையில் எழும்பினால் கைவிரல்கள் நிமிராது. சுடுதண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாய் நிமிர்த்த வேண்டும். விரும்பினால் முந்தியே விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் போனால் கயிறு கொட்டிலில் அல்லவா தொங்கும்? அந்த மனிசன் அதற்குச் சம்மதிப்பாரா?

ஐம்பத்தெட்டு வயதாகியும் சாகவில்லை, விழவில்லை என்றால் அதற்குக் காரணம் உசனார். ஏறாவூர் ஆள், கதிர்காமத்தம்பியை விட ஒரு வயது மூப்பு, அதனால் இவருக்கு அவர் காக்கா, அண்ணன் முறை. கொம்புக்காரன். இருபத்தைந்து வருடமாக இவருடைய கயிற்றை நம்பி அவர் கொம்பைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது மனைவி ஸகியா கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் பாதி இவருக்கு. இருவரும் சண்டை பிடிக்காத நாள் கிடையாது. மாட்டை விழுத்தியதும் மாட்டுக்கு மேலேயே இருந்துகொண்டு வாய் காட்டுவார்கள்.

“நீ இழுத்த இழுவைக்கு ஆட்டுக்குட்டி கூட விழாது கதிரு.”

“அப்ப இது ஆராம் விழுத்தின? உங்கட மூஞ்சப் பாத்துப் பயந்தா விழுந்த?”

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, புது முகாமையாளர் வரும் வரைக்கும்.

பிரஷாந்தி என்று பெயர். மிருக வைத்தியம் படித்த பிள்ளை, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். வந்த முதல் மாதமே கொட்டிலில் தொங்கிய மூன்று கயிற்றையும் பார்த்து, யாருடையவை, என்ன நடந்தது என்று விசாரித்தாள். அடுத்த வாரம் பட்டிக்குள் ஆங்காங்கே முதிரைக் கட்டைகளைக் கொண்டுவந்து ஆழமாக நடுவித்தாள். இனி யாரும் இடுப்பில் கயிறு போடக் கூடாது, கட்டையில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும் என்றாள்.

பட்டியில் நின்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்குத் தெரியாது, அந்த வேலி முழுக்க முன்பும் கட்டைகள் இருந்தன. ஒருவரும் தொடுவதில்லை. கட்டையில் கயிற்றைப் போடுகிறவனுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, கட்டைக்காரன். தன் வேலையை மரத்திடம் கொடுத்துவிட்டு நிற்கிறவன் என்று அர்த்தம். அந்தப் பட்டியில் ஒருவனைத் தாயைச் சொல்லி ஏசினாலும் பொறுப்பான், கட்டைக்காரன் என்றால் பல்லு உடையும்.

பிரஷாந்தி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். ஒரு நாம்பனுக்குச் சுருக்குப் போடச் சொன்னாள். அது துள்ளிப் பாய்ந்ததும் கயிற்றை வாங்கிக் கட்டையில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றினாள். நாம்பன் இழுத்தது, உதைத்தது, மண்ணைக் கிளப்பியது. கயிறு கட்டையில் நெரிபட்டுக் கத்தியது. அவள் மற்ற முனையை ஒற்றைக் கையில் பிடித்தபடி, மறு கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். நாம்பன் ஒரு அடி கூட முன்னால் வரவில்லை.

“பாத்தீங்களா ஐயா?” என்று கதிர்காமத்தம்பியைத்தான் கேட்டாள்.

“பாத்தன் மிஸ். பொம்புளப் புள்ளையளுக்கு நல்ல வசதி.”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. உசனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கட்டையையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் மருதமர நிழலில் இருந்தபோது உசனார் மெல்லத் தொடங்கினார். “கதிரு, கட்டயிலதான் போடன்.”

“என்ன காக்கா, உங்களுக்கும் விசரா?”

“உன்ட தோள்மூட்டு கழருற எனக்குத் தெரியாதெண்டா நினைக்காய்? நீ பல்லக் கடிக்கக்குள்ள எனக்குக் கேக்கும்டா. கொம்புக்கு முன்னால நிக்கிறவன் நான்.”

கதிர்காமத்தம்பி சோற்றை வாயில் வைக்காமல் கையிலேயே பிசைந்தார். பிறகு வெடித்தார். “ரெண்டு வருசம் காக்கா. இன்னும் ரெண்டே ரெண்டு வருசம். அறுவதத் தொட்டுட்டு, கயித்தத் தோளில போட்டுட்டு, கேற்றால நடந்து போறன் பாருங்க. கட்டயில சுத்திப்போட்டு அறுவதத் தொட்டா அது நான் தொட்டதா? கட்ட தொட்டது. நான் கட்டைக்காரனில்ல!”

உசனார் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், கன்னத்தில் இரண்டு கொடுத்தாவது சொல்லியிருக்க வேண்டும். அவரும் அந்தப் பட்டியில் வளர்ந்த ஆள்தானே. கூட்டாளியின் மானத்தில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆனி மாதம், கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. குறி சுடுகிற நாள். இரும்புகள் நெருப்பில் சிவந்து கிடந்தன. பட்டி முழுக்கப் புழுதியும், சுட்ட மயிர் நாற்றமும், கன்றுகளின் அலறலும். பிரஷாந்தி மட்டக்களப்புக்குக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நாளில் கட்டைகளை யார் தேடுவார்?

காது கிழிந்த கறுத்த நாம்பன் ஒன்று வந்தது. கதிர்காமத்தம்பி சுருக்கை எறிந்தார், முதல் எறியிலேயே விழுந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றிச் சாய்ந்தார். உசனார் முன்னால் போய்க் கொம்பைப் பிடித்துக் கழுத்தைத் திருகினார். பின்னால் வாலைப் பிடித்தது டிலக்சன். அவன் கஜானியின் புருசன், கதிர்காமத்தம்பியின் மருமகன், நல்ல உரமான பெடியன். நாம்பன் முன்னங்காலை மடித்தது. விழப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

விழவில்லை. கழுத்தை ஒரு உதறு உதறி எழும்பியது. அந்த உதறலில் கதிர்காமத்தம்பியின் வலது தோள் டொக்கென்று கழன்றது. அந்தச் சத்தம் அவருக்குள்ளேயே கேட்டது. கை தன் பாட்டில் தொங்கிவிட்டது. இடது கை மட்டும் கயிற்றைப் பிடித்தது. கயிறு இடுப்பைச் சுற்றி நெருப்பாய் உரசிக்கொண்டு ஓடியது. முப்பது வருடத் தழும்பு வாழைநார் மாதிரி உரிந்து போனது. ஒரு முழம். இரண்டு முழம்.

அவ்வளவு போதும் அந்த மிருகத்துக்கு. தலையைக் குனிந்து ஒரே குத்து. உசனாரைக் கொம்பில் தூக்கி நிலத்தில் அறைந்தது. அறைந்துவிட்டு விடவில்லை, மறுபடியும் குனிந்து வயிற்றில் குத்திக் கிழித்துப் புரட்டியது. உசனார் கத்தவேயில்லை. காற்றுப்போன பந்து மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. டிலக்சனை ஒரு உதையில் வேலியோடு சாத்திவிட்டது.

கதிர்காமத்தம்பி என்ன செய்தார் என்று அவருக்கே பிறகுதான் தெரியும். நெருப்புக்குள் கிடந்த குறியிரும்பை இடது கையால் இழுத்தெடுத்து ஓடினார். பிடியிலேயே சூடு ஏறி உள்ளங்கை பொசுங்கியது. சிவந்த இரும்பை நாம்பனின் முகத்தில், கண்ணுக்குக் கீழே வைத்து அழுத்தினார். தோல் பொரிந்து புகைந்தது. அது அலறிக்கொண்டு கயிற்றையும் இழுத்துக்கொண்டு வேலியை உடைத்து ஓடியது. இவர் ஓடுகிற மாட்டைப் பார்த்து, “வாடா! இஞ்ச வாடா! என்னக் குத்துடா!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

உசனார் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தியிருந்தார். விரல்களுக்கிடையில் வரக்கூடாதது வந்துகொண்டிருந்தது. கதிர்காமத்தம்பி சாரனை உரிந்து வயிற்றைச் சுற்றிக் கட்டினார். கெப் வாகனத்தின் பின்னால் கிடத்திக் கொண்டுபோனார்கள், வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது உசனார் கடைசி நேரத்துக் கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். கதிர்காமத்தம்பி அவர் வாயைப் பொத்தினார். “சொல்லாதங்க காக்கா. இப்ப சொல்லாதங்க. மறுகா சொல்லலாம்.” பாவம், வேறென்ன செய்யத் தெரியும் அந்த மனிசனுக்கு.

உசனார் சாகவில்லை. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் துளை வைத்துப் பையொன்றைப் பொருத்தினார்கள். இனி வாளித் தண்ணீர் கூடத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். இரண்டு கையாலும் மாட்டுத் தலையைத் திருகிய மனிசனுக்கு வாளித் தண்ணீர்!

ஸகியா ஆஸ்பத்திரி வாசலில் கதிர்காமத்தம்பியை மறித்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் அடைத்திருந்தது. “தம்பி, கயிறு அறுந்து பெயித்தா?”

ஓம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். “அறுகல்ல தாத்தா,” என்றார், அக்கா முறைக்கு அவளை அப்படித்தான் கூப்பிடுவார். “என்ட கையால வழுகிற்று. நான் பிடிக்கல்ல.”

 அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் அவள் பின்னால் போனார்.

கட்டிலில் கிடந்த உசனார் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கதிரு, கட்ட எவ்வளவு தூரத்தில இருந்திச்சு?”

“நாலெட்டு காக்கா.”

உசனார் சிரித்தார். தையல் இழுத்தது. சிரித்த வாயோடு அழுதார். கதிர்காமத்தம்பி கட்டில் சட்டத்தில் தலையை மோதினார், தாதி ஓடிவந்து பிடிக்கும் வரை மோதினார்.

தோளும் கையும் ஆறி அவர் பண்ணைக்குத் திரும்பியபோது பிரஷாந்தி அவரைக் கூப்பிட்டாள். முகத்தில் அடித்த மாதிரிப் பேசுவாள் என்றுதான் போனார். அவள் அப்படிப் பேசவில்லை. “ஐயா, நீங்க இனிக் கயிறு தொட வேணாம். பட்டிக் கடப்பத் திறந்து மூடுங்க. அறுவது வரைக்கும் அந்த வேலதான். உங்கட கயித்த நீங்கதான் கொண்டு போவீங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

பாருங்கள் விதியை! எந்த அறுபதுக்காகப் பல்லைக் கடித்தாரோ, எந்த அறுபதுக்காகக் கூட்டாளியின் வயிற்றைக் கிழிய விட்டாரோ, அந்த அறுபது இப்போது சும்மா கைக்கு வந்தது. கடப்பைத் திறந்து மூடினால் போதும். இரண்டு வருடம் கழித்துக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்து பட்டி வாசல் கடப்பில் நின்றார். திறந்தார், மூடினார். 

கயிற்றுக்காரனாக டிலக்சனைப் போட்டார்கள். அவன் தனக்கொன்று முறுக்கும் வரை, கறுத்த நாம்பனிடமிருந்து மீட்டு வந்த மாமனாரின் கயிறுதான் அவன் கையில். கொம்புக்கு ரிஸ்கான் என்ற ஓட்டமாவடிப் பெடியன், கலியாணம் முடித்து ஒரு வருடமும் ஆகவில்லை. அன்றைக்கு முதல் மாடு வந்தது. டிலக்சன் சுருக்கை எறிந்தான். எறிந்துவிட்டுக் கட்டையைப் பார்த்தான். கடப்பில் நின்ற மாமனாரைப் பார்த்தான். பட்டியில் நின்ற எல்லாருடைய முகத்தையும் பார்த்தான். பிறகு கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றினான்.

“தம்பி, கட்டயில போடுங்க,” என்றார் கதிர்காமத்தம்பி.

டிலக்சன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மாமனாருக்கு மரியாதை செய்கிறானாம். “நான் கட்டைக்காரனில்ல மாமா! உங்கட பேரக் காப்பாத்துறன் பாருங்க!”

ரிஸ்கான் கொம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

கதிர்காமத்தம்பி கடப்பை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தார். ஐம்பத்தெட்டு வயதுக் கால் அது, கழன்று பூட்டிய தோள் அது. எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். டிலக்சனின் இடுப்பிலிருந்து கயிற்றை உருவி, இரண்டு எட்டில் கட்டைக்குப் போய், ஒன்றரைச் சுற்றுச் சுற்றினார். கயிறு இறுகி நாம்பன் இழுபட்டு நின்றது. கயிற்றைக் கட்டையிலேயே இறுக்கி முடிந்தார். மிஞ்சிய வாலைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இந்தப் பக்கத்தில் மருமகன் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீடு மகளுக்குச் சீதனம். மருமகன் வந்து அந்த வீட்டில் இருப்பான். மாமனும் மாமியும் வளவுக்குள்ளேயே பின்னால் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். நீங்க, வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும். அவன் முன்னால் குரலை உயர்த்தினாலே ஊர் கதைக்கும். கதிர்காமத்தம்பி ஐந்து வருடத்தில் டிலக்சனை ஒருதரம் கூட “நீ” என்று சொன்னதில்லை.

“எடேய்!” என்றார். முதல் அடி முகத்தில் விழுந்தது. முறுக்கிய தோல் கயிறு, கொழுப்பூறின கயிறு. கன்னம் கிழிந்து பல்லொன்று தெறித்தது. “ஆருட பேரடா காப்பாத்துறாய்? ஆருட பேர?” இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முதுகில். டிலக்சன் முதலில் விளங்காமல் நின்றான். பிறகு கையைக் கொண்டு தடுத்தான். பிறகு விழுந்தான். விழுந்தவனை விடவில்லை. மாட்டை அடித்தாலும் இப்படி அடிக்க மாட்டான் மனிசன். விலாவில் மிதித்தார், எலும்பு விட்டது. “காக்காட குடல என்ட கையால அள்ளி உள்ளுக்குப் போட்டனான்டா! இந்தக் கையால! உனக்குச் சிரிப்பு வருதா? கட்டுடா! கட்டயில கட்டுடா!”

நாலைந்து பேர் பாய்ந்து பிடித்தார்கள். உதறினார். ஒருவனின் மூக்கு உடைந்தது. டிலக்சன் இரத்தம் ஒழுக ஒழுகத் தவழ்ந்து போய்க் கட்டையைக் கட்டிப்பிடித்தான். “கட்டுறன் மாமா, கட்டுறன், அடிக்காதங்க மாமா,” என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அவன் கை கட்டையில் இருந்த கயிற்றைப் பிடித்ததைப் பார்த்த பிறகுதான் கதிர்காமத்தம்பியின் கையிலிருந்து கயிற்று வால் நழுவியது. ரிஸ்கான் நாம்பனுக்கு முன்னால், கொம்புக்கு ஒரு எட்டுத் தள்ளி, முழுசாக நின்றுகொண்டிருந்தான்.

பிரஷாந்தியின் அலுவலகத்தில் அவர் உட்காரவில்லை. அவளும் உட்காரச் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. “நீங்க சொன்னது சரி ஐயா. அத நானும்தான் எவ்வளவு சொன்னனான். ஆனா அவரக் கொல்லப் பாத்திருக்கீங்க. உங்கள நான் வெச்சிருக்க ஏலாது.”

“வெச்சிருக்காதங்க மிஸ்.”

“ரெண்டு வருசம்தான் ஐயா இருந்திச்சு.”

“ஓம் மிஸ். எனக்குத் தெரியும்.”

கொட்டிலுக்குப் போனார். தன் கயிற்றில் ஒட்டியிருந்த இரத்தத்தைச் சாரனில் துடைத்தார். மூன்று கயிறுகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக அதைத் தன் கையாலேயே தொங்கவிட்டார். வெறுந்தோளோடு கேற்றால் போனார். காவலுக்கு நின்ற ஆள் வழக்கமாய் முசுப்பாத்தி விட்டுச் சிரிப்பு மூட்டுகிறவன், அன்றைக்குக் கேற்றைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

வீட்டில் கஜானி முற்றத்துக்கு வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. “மாட்டுக்கு அடிக்கிற அடியா அப்பா இது? உங்கள நம்பித்தானே அவர அங்க வேலைக்கு விட்டன்? இனி இந்த வாசப்படி மிதிக்காதங்க. நானும் உங்கட குடிலுக்கு வரமாட்டன்.” சொன்னபடியே செய்தாள். பேரப்பிள்ளை அவரிடம் ஓடினால் இழுத்துக்கொண்டு போனாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? மருமகனைக் கயிற்றால் அடித்த மனிசன் என்று கோயிலடியில், கடையடியில், எல்லா இடத்திலும் கதை. இலட்சுமிப்பிள்ளை மகளுக்கும் புருசனுக்கும் நடுவில் கிடந்து அழுந்தினாள்.  கதிர்காமத்தம்பி வாரத்துக்கு ஒருதரம் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போய் உசனாருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். வாளித் தண்ணீரை இவர் தூக்கி வைப்பார். ஸகியா தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

டிலக்சனின் விலா பொருந்தியது. கன்னத்தில் தையல் போட்ட கோடு நின்றுவிட்டது. மறுபடியும் பண்ணைக்குப் போனான், கயிற்றுக்காரனாகத்தான் போனான். மாமனாரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

மாரி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிலக்சன் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதமாய் ஒவ்வொரு நாளும் கயிறு பிடித்த உடம்பு. கஜானி வாளியால் அள்ளி அள்ளி அவன் முதுகில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். அவனுடைய இடுப்பைப் பார்த்தாள். கையால் தடவிப் பார்த்தாள். முதுகில் அப்பாவின் கயிறு விழுந்த கோடுகள் வெளுத்துக் கிடந்தன. இடுப்பில் ஒன்றும் இல்லை. ஒரு உரசல் இல்லை, ஒரு கறுப்பு இல்லை. பிள்ளையின் இடுப்பு மாதிரி மழமழவென்று இருந்தது.

“என்ன பாக்காய்?” என்றான் டிலக்சன்.

“கயிறு...?”

“இப்ப ஒருத்தரும் இடுப்பில போடுறல்ல. எல்லாரும் கட்டயிலதான். ரிஸ்கான் எண்டவன் கட்டயப் பாக்காமக் கொம்பு தொட மாட்டான்.” வாளியை அவளிடமிருந்து வாங்கித் தானே ஊற்றிக்கொண்டான்.

குடிலுக்குள் இருந்த கதிர்காமத்தம்பிக்கு இவ்வளவும் கேட்டது. வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தால் வாசலில் நிழல் விழுந்தது. கஜானி எண்ணெய்ப் போத்தலோடு நின்றாள். சின்ன வயதில் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அன்றைக்குக் கயிறு உரித்துக்கொண்டு போன இடம் இன்னும் சரியாக ஆறாமல், வெயில் ஏறினால் எரிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். தாய் சொல்லியிருப்பாள்.

உள்ளே வந்து அவருக்குப் பின்னால், இடுப்பை மூடிக்கிடந்த சேட்டுக்கு நேரே குந்தினாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, கோபம் மாதிரித்தான் சொன்னாள்.

“சேட்டத் தூக்குங்க அப்பா.”

அவர் தூக்கினார்.